'ஓர் பறவை' என்றால் போதுமா?

தமிழ் இலக்கியம் பயில்வார் எவரும் பறவைகளின் பெயரைக் கேளாமல் ஒரு பருவத்தையேனும் கடந்துவிட இயலாது. மருதத்திலும் நெய்தலிலும் நாரையும் குருகும் கொக்கும் அன்றிலும் அடுத்தடுத்து வருகின்றன. தூது நூல்களைத் தொட்டால் கிளியும் குயிலும் அன்னமும் எதிர்ப்படுகின்றன. பள்ளு, குறவஞ்சி ஆகிய சிற்றிலக்கியங்களிலோ பறவைக் கூட்டமே வந்து இறங்குகிறது. ஆயினும், குருகு என்பது யாது என்று தேர்வுத்தாளில் வினவினால், 'ஒருவகை நீர்ப்பறவை' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் விடையாகக் கிடைப்பதில்லை. மாணவரை நொந்து பயனில்லை. அவர் கையிலுள்ள உரைநூலும் அகராதியும் அவருக்குத் தருவது அவ்வளவே. 'ஓர் பறவை', 'ஓர் புள்', 'புள் விசேடம்' என்று பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவிய பழைய அகராதிகள் பல. அச்சொற்களுக்கு உரியவை இன்னும் உயிரோடு பறந்துகொண்டிருக்கின்றன என்னும் நினைவே அப்பக்கங்களில் இல்லை.

இக்குறை நூலகத்தில் அமர்ந்து தீரக்கூடியது அன்று. குளக்கரையில் நின்றே தீர்க்கவேண்டியது என்பது எம் துணிபு. தமிழ்த் துறையினர் ஆண்டுக்கொரு முறையேனும் பனிக்காலத்தில் மாணவரை அழைத்துக்கொண்டு பறவை நோக்கப் புறப்பட வேண்டும் என்றும், அப்பயணம் உல்லாசப் பயணமாக அன்றிப் பாடத்தின் பகுதியாகவே அமைதல் வேண்டும் என்றும் இக்கட்டுரையில் வற்புறுத்த விழைகின்றோம். நெல்லைச் சீமையிலும் தென்காசிச் சீமையிலும் உள்ள கல்லூரிகளுக்கு இதில் வாய்த்திருக்கும் நற்பேறு தமிழகத்தில் வேறு பலர்க்கு இல்லை.

குற்றாலம் என்றதும் சாரலும் அருவியும் நினைவுக்கு வருகின்றன. ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று புகுந்து வரும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய அருவியிலும் மக்கள் வெள்ளம் நீர் வெள்ளத்தை விஞ்சி நிற்கும். புரட்டாசி பிறந்ததும் கடைக்காரர் மூட்டை கட்டுவர். அதன்பின் தென்காசிப் பக்கம் காண என்ன இருக்கிறது என்று கேட்போரே மிகுதி. உண்மையில் இந்நிலத்தின் இரண்டாம் பருவம் அதன்பிறகே தொடங்குகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்து, சிற்றாறும் அனுமன் நதியும் கால்வாய் வழியே குளங்களை நிரப்பிவிடும். மார்கழியிலும் தையிலும் பிசான நெல் பச்சை பிடித்து நிற்க, குளங்கள் மறுகால் பாய்ந்து ஓய்ந்திருக்க, வடபுலத்துப் பறவைகள் வந்து இறங்கும். இப்பருவத்துக்கு விளம்பரம் இல்லை. சிறப்புப் பேருந்தும் இல்லை. கூட்டமின்மையே இதன் பெருமை.

இவ்வுண்மையை நமக்கு முன்னரே கண்டெழுதியவர் ஒருவர் உளர். குற்றாலத்தை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயரே அவர். 18ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியை நாம் பெரும்பாலும் வசந்தவல்லியின் பந்தாட்டத்துக்காகவும் குறத்தியின் மலைவளத்துக்காகவும் போற்றுகின்றோம். நூலின் பிற்பகுதியில் வரும் சிங்கனைக் கற்பார் அருகியே உள்ளனர். சிங்கியைத் தேடி வரும் அவன் தொழிலால் பறவை பிடிப்பவன். கண்ணியும் கையுமாக வருகின்றான். அவனுக்குத் துணையாக நூவன் என்பானும் உளன். பறவைகள் வருவதை ஒரு பாட்டாகவும், அவை வயல்களில் மேய்வதை மற்றொரு பாட்டாகவும் சிங்கன் அடுக்கிச் சொல்லும் இடத்தில் நாம் சற்று நின்று நோக்கவேண்டும். மேயும் இடங்களைச் சொல்கையில் அவன் பொதுவாக வயல் என்று சொல்லி நகர்வதில்லை. குற்றாலத்தைச் சூழ்ந்த நிலங்களையும் பற்றுகளையும் பெயர் பெயராகக் கூறுகின்றான். எந்தப் பறவை வருகிறது, எங்கு மேய்கிறது என்று இடம் சுட்டிக் குறித்துக்கொள்ளும் இன்றைய பறவை நோக்கர் செய்வதும் இதுவே. நோக்கம் வேறு, அவன் பிடிக்க எண்ணினான், இவர் எண்ண விரும்புகின்றனர். கூர்ந்த பார்வை இருவர்க்கும் ஒன்றே.

அப்பட்டியலில் ஒரு சுவை உண்டு. மீன்கொத்தியும் மரங்கொத்தியும் உள்ளானும் வலியானும் இருக்கும் அதே வரிசையில், நிலவை உண்டு வாழ்வதாகப் புலவர் சொல்லும் சகோரமும் இடம்பெற்றுவிடுகிறது. கண்ணால் கண்டவற்றையும் ஏட்டில் கற்றவற்றையும் கவிராயர் ஒரே வலையில் பிடித்துவிட்டார்! எது வயலில் இருந்து வந்தது, எது நிகண்டில் இருந்து வந்தது என்று பிரித்தறிய வேண்டுமாயின், படிப்பவர்க்கு வயலும் தெரிந்திருத்தல் வேண்டும்.

அன்றிலை எடுத்துக்கொள்வோம். துணையைப் பிரிந்தால் உயிர் வாழாத பறவை என்று இலக்கியம் அதனைக் கொண்டாடுகிறது. ஆகவே அதுவும் சகோரம் போன்ற கற்பனைப் பறவையே என்று கருதிவிட்டோர் உளர். ஆனால் சங்கப் புலவர்கள் அதன் தலை சிவந்தது என்றும், அலகு இறால்மீன் போல் வளைந்தது என்றும், பனையில் கூடுகட்டுவது என்றும் கூறியுள்ளனர். கற்பனைப் பறவைக்கு இத்துணை அடையாளம் எதற்கு? 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' எழுதிய பி. எல். சாமி அவர்கள், இக்குறிப்புகளைக் கொண்டே அன்றிலை அரிவாள் மூக்கன் இனத்தைச் சேர்ந்ததாகக் கண்டார். அவர் தமிழையும் உயிரியலையும் ஒருசேரக் கற்றுத் தெளிந்தவர். அத்தகையோர் பலர் நமக்கு வேண்டும்; வந்தவரோ மிகச் சிலர்.

சென்ற தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வைகறைத் தொழுகை முடித்த கையோடு, எம் துறை மாணவ மாணவியர் ஒரு வேன் நிறையும் அளவினருடன் தென்காசிக்குப் புறப்பட்டோம். ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம், கீழப்பாவூர் ஆகிய ஊர்களின் குளங்களைக் காண்பதே திட்டம். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல்களுக்கும் திரைப்படங்களுக்கும் பெயர்பெற்ற ஊர். 1992இல் வெளியான 'ரோஜா' படத்தை அறிந்த தலைமுறை அவ்வயல்களை மறவாது. வந்த மாணவர் சிலர் இறங்கியவுடன் கைப்பேசியை எடுத்துத் தம்மையே படம்பிடிக்கத் தொடங்கினர். அதற்கும் சிறிது நேரம் விட்டுக்கொடுத்தோம். பறவைகள் எழுந்து பறந்துவிடும் என்று சொன்னதும் அடங்கினர். சிவப்பும் மஞ்சளும் உடுத்தி வரவேண்டா என்று முன்னரே சொல்லியிருந்தும் ஓரிருவர் உடுத்தி வந்திருந்தனர். ஐவர்க்கு ஓர் இருகண்நோக்கி என்ற அளவில் இரவல் வாங்கியிருந்தோம். அது போதுமானதாகவே இருந்தது.

கரையேறியதும் எல்லாம் கொக்காகவே தெரிந்தது. வெள்ளையாய் நின்றது கொக்கு. கறுப்பாய் நின்றது காக்கை. அரைமணி நேரம் கழிந்ததும் கண் பழகியது. நீருக்குள் மூழ்கி வேறோரிடத்தில் தலைதூக்கும் முக்குளிப்பான், நெற்றியில் வெள்ளை நாமம் இட்ட நாமக்கோழி, ஆம்பல் இலைமேல் நடக்கும் இலைக்கோழி, நனைந்த சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகம், மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே இடைவெளி விட்டு நிற்கும் நத்தைக்குத்தி நாரை என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. நத்தைக்குத்தியின் அலகிலுள்ள அவ்விடைவெளி நத்தையைப் பற்றுதற்கு ஏற்ற அமைப்பு. நெற்பயிருக்கு நேரும் நத்தைத் தொல்லையைக் கூலி கேளாமல் குறைத்துத் தரும் பறவை அது. குளத்தின் நடுவே வாத்துக் கூட்டம் ஒன்று மிதந்தது. புருவத்தில் வெள்ளைக் கோடு இழுத்த ஆண் நீலச்சிறகிகள் அவற்றிடையே தெளிவாகத் தெரிந்தன. அரைக்கிலோ எடைகூட இல்லாத அப்பறவை ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் கூடுகட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தைக் கழிக்கத் தென்காசி வரை வருகிறது என்று சொன்னபோது நம்ப மறுத்த மாணவர் உண்டு.

மடை அருகே, நீர் பாய்ச்சும் பெரியவர் ஒருவர் எம்மை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மாணவர் ஒருவர் ஏதோ ஒன்றைச் சுட்டிக் கொக்கு என்றதும் அவர்க்குப் பொறுக்கவில்லை. "தம்பி, எல்லாத்தையும் கொக்குன்னு சொல்லிட்டா எப்படி? இது மடையான். மாட்டு மேல உக்காருதே, அது உண்ணிக்கொக்கு. ராத்திரி கத்திக்கிட்டுப் போறது வக்கா. மடைவாயில தவம் இருக்கும்லா, அதான் மடையான்" என்றார். அவர் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தவர் அல்லர் என்பதைப் பின்னர் அறிந்தோம். பெயர்க்காரணம் சரியோ தவறோ, அகராதி 'ஓர் பறவை' என்று நின்றுவிட்ட இடத்தில் அவர் மூன்றைப் பிரித்துக் காட்டிவிட்டார். "இன்னும் பேரு இருக்கா, தாத்தா?" என்று மாணவியர் குறிப்பேட்டுடன் அவரைச் சூழ்ந்துகொண்டனர்.

அக்கரையில் நடந்த மற்றொன்றையும் சொல்லவேண்டும். குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாட்டு எம் மாணவர்க்குப் பாடமாக உள்ளது. தலைவன் தன்னை மணந்த பொழுதில் அங்கு வேறு சாட்சி எவரும் இல்லை. ஓடும் நீரில் ஆரல்மீனை நோக்கி நின்ற குருகு ஒன்றே உண்டு என்று தலைவி வருந்துவதாக அமைந்த பாட்டு. அக்குருகின் கால் மெலிந்து, பச்சை நிறமாய், தினையின் தட்டைபோல் இருந்தது என்கிறார் கபிலர். வகுப்பில் இவ்வுவமையின் நயத்தைப் பல ஆண்டுகளாகப் பாராட்டி வருகின்றோம். குளக்கரையில் மாணவி ஒருத்தி இருகண்நோக்கியை இறக்காமலே, "ஐயா, பெரிய கொக்குக்குக் கால் கறுப்பு; சின்னக் கொக்குக்கும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள்; உண்ணிக்கொக்குக்கும் கறுப்பு; இந்த மடையானுக்கு மட்டும்தான் பச்சை" என்றாள். கரையில் ஓர் அமைதி நிலவியது. அத்தருணம் மடையான் எழுந்து பறந்தது. அதுவரை சேற்று நிறத்தில் ஒடுங்கி, அங்கு ஒன்று நிற்கிறதென்றே தெரியாமல் நின்ற பறவை, சிறகு விரித்ததும் பளீரென வெள்ளையாயிற்று. கண்முன் நின்றும் கண்ணுக்குத் தெரியாத பறவையையே தலைவி சாட்சியாகச் சொல்கின்றாள் என்றால், அவள் துயரின் ஆழம் எத்தகையது! தன்னைக் கண்டதோ காணாததோ என்று அறிய முடியாத சாட்சி. மீனிலேயே கருத்தாய் இருந்த சாட்சி. பத்துப் பக்க உரை தாராத விளக்கத்தை ஒரு பறவையின் கால் தந்தது.

சத்திமுத்தப் புலவர் நாரையை விளித்துப் பாடிய புகழ்பெற்ற பாட்டும் இவ்வாறே பொருள் விரியும். சிவந்த காலும் சிவந்த அலகும் உடைய அந்நாரையைத் துணையோடு தென்குமரி ஆடிவிட்டு வடதிசைக்கு மீள்வதாகப் புலவர் பாடுகின்றார். மதுரையில் குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் தம் நிலையைத் தம் மனைவிக்குச் சொல்லுமாறு வேண்டுகின்றார். இவ்வடையாளங்கள் பொருந்துவது செங்கால் நாரைக்கே. அது தமிழகத்தில் கூடுகட்டுவதில்லை. பனிக்காலத்தில் வந்து கோடை தொடங்குமுன் வடக்கே மீண்டுவிடும். குளிர்காலத்தில் தெற்கே வந்து மீளும் பறவையிடம் குளிரால் வாடும் ஒருவர் தூது சொல்லியிருக்கின்றார். பறவை வலசை போவதை நம் புலவர் அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. இன்று தென்காசிக் குளங்களில் செங்கால் நாரையைக் காண்பது எளிதன்று. அன்று எமக்கும் அது காட்சி தரவில்லை.

பறவை நோக்குதல் விலங்கியல் துறையாரின் பணி. தமிழாசிரியர்க்கு அங்கு என்ன வேலை என்று கேட்போர் எம் கல்வியுலகிலேயே உண்டு. அவர்கட்குச் சாலிம் அலியின் வாழ்வே விடை. 1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்த அவர், சிறுவயதில் பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தார். விளையாட்டுத் துப்பாக்கியால் தாம் வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்ததைக் கண்டு, அது என்ன குருவி என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அக்கேள்வியே அவரை இந்தியப் பறவையியலின் தலைமகனாக்கியது. முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் பறவையியல் பணி ஒன்று அவர்க்கு மறுக்கப்பட்டதுண்டு. பின்னர் 1930இல் கிஹிம் என்னும் கடலோர ஊரில் தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் இருந்து நோக்கி எழுதியதே அவரை உலகறியச் செய்தது. 1941இல் வெளிவந்த அவரது 'இந்தியப் பறவைகள்' நூல் பல தலைமுறையினரைக் குளக்கரைக்கு அழைத்துச் சென்றது. பட்டம் இன்றியும் பறவையை அறியலாம் என்றால், தமிழ்ப் பட்டத்தோடு அறிவதற்குத் தடை யாது? நெல்லையில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர்; இலக்கியப் பயிற்சியும் கானுயிர்ப் பயிற்சியும் ஒருங்கே வாய்த்து, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தவர். இம்மண்ணுக்கு அவ்வழி புதிதன்று.

சமயக் கல்வி பெற்ற எம் மாணவர்க்கு இத்துறை அயலானதும் அன்று. சுலைமான் நபிக்குச் செய்தி கொண்டுவந்த ஹுத்ஹுத் பறவையை அறியாதவர் அவர்களுள் இல்லை. திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்தில் வரும் அப்பறவை, நம்மூர்க் கொண்டலாத்தியே என்று சொன்னால் மட்டும் வியப்படைகின்றனர். கொண்டை விரித்துப் புல்தரையில் குத்திக் குத்தி இரைதேடும் கொண்டலாத்தியைத் தென்காசிச் சாலையோரத்தில் கண்டபோது, அன்றைய பயணத்தின் பேராரவாரம் அதற்கே கிடைத்தது. உமறுப் புலவரையும் இங்கு நினைக்கலாம். சீறாப்புராணத்து நாட்டுப்படலத்தில் அவர் அரபு நாட்டைப் பாடுகையில் மழையும் வெள்ளமும் கழனியும் கொண்ட மருதநிலமாகவே காட்டுகின்றார். பாலை நாட்டில் இவை ஏது என்று குறைகூறுவோர் உளர். காப்பிய மரபு என்று அமைதி கூறுவோரும் உளர். புலவர் எந்நாட்டைப் பாடினும் தம் கண்ணில் நிறைந்த நீர்நிலத்தையே அங்குக் கொண்டு சேர்த்தார் என்பதே எமக்குப் பெரிதாகப் படுகிறது. அப்படிக் கொண்டு செல்லத்தக்க குளம் நம் மாணவர் கண்ணில் உண்டா என்பதே கேள்வி.

ஏனெனில் குளங்களின் நிலை நன்றாக இல்லை. ஊரை ஒட்டிய குளங்களில் சாக்கடை கலக்கிறது, ஆகாயத்தாமரை மூடுகிறது, கரையோரம் குப்பை மேடாகிறது. இவற்றை எல்லாரும் பேசுகின்றனர். பேசப்படாதவை சில உள. மீன்பாசி ஏலம் எடுப்போர் சிலர், பறவை மீனைத் தின்றுவிடும் என்று அஞ்சி வெடி வெடித்து விரட்டுகின்றனர். அவர்களின் அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஏலப்பணம் கட்டியவர்க்கு ஒவ்வொரு மீனும் கணக்கு. ஆயினும் மடையானும் அரிவாள் மூக்கனும் உள்ளானும் தின்பவை பெரும்பாலும் விலைபோகும் மீன்கள் அல்ல. புழுவும் பூச்சியும் தவளையும் நண்டுமே. வெடிச்சத்தம் இவற்றையும் சேர்த்தே விரட்டிவிடுகிறது. அவ்வாறே, குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களை ஏலம் விட்டு வெட்டும்போது, கூட்டில் முட்டையும் குஞ்சும் உள்ள காலமா என்று எவரும் பார்ப்பதில்லை. நான்கு திங்கள் பொறுத்து வெட்டினால் எவர்க்கும் இழப்பில்லை.

தூர்வாருதல் பற்றியும் எமக்கு ஒரு கருத்துண்டு. தூர்வாராமல் குளம் நிலைக்காது. முன்னோர் குடிமராமத்தாக அதனை ஆண்டுதோறும் செய்தனர். வண்டல் வயலுக்கு உரமாயிற்று. இன்று எந்திரம் வந்து ஒரே நாளில் குளத்தைத் தொட்டிபோல் செங்குத்தாகத் தோண்டிவிடுகிறது. பறவைகளின் கால்களை நோக்கினால் அதன் தீங்கு விளங்கும். உள்ளானுக்குக் கணுக்கால் அளவு நீர் வேண்டும். நெடுங்கால் உள்ளானுக்கு அதனினும் சற்று மிகுதி. கொக்குக்கு ஒரு சாண். நாரைக்கு ஒரு முழம். வாத்துக்கும் கூழைக்கடாவுக்கும் நடுக்குளம். கரையிலிருந்து மெல்ல மெல்லச் சரிந்து ஆழமாகும் குளத்தில்தான் இத்தனைக்கும் பந்தி உண்டு. தொட்டிபோல் தோண்டிய குளத்தில் நீர் நிறைந்திருக்கும், பறவை இராது. ஒரு பக்கமேனும் சரிவை விட்டுத் தோண்டுங்கள் என்று பொறியாளரிடம் சொல்ல ஊருக்கு ஒருவராவது வேண்டும்.

இது நடவாத காரியம் என்று சோர வேண்டியதில்லை. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில், பறவைகள் வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடுகட்டும். அவை அஞ்சும் என்று அவ்வூரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த வண்டல் அவர்கள் வயலுக்கு உரமாகிறது. ஆக அதில் அன்பும் உண்டு, பயனும் உண்டு. அரசு அதனை 1994இல் சரணாலயமாக்கியது. 2021இல் அது இராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. இமயத்தை 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கடப்பதாகக் கருவி பொருத்தி அறியப்பட்டுள்ள வரித்தலை வாத்து, பனிக்காலத்தில் அங்கு வந்து தங்குகிறது. கடனாநதி தாமிரபரணியோடு கூடும் திருப்புடைமருதூரில், கோயிலை ஒட்டிய மரங்களில் அடையும் பறவைகளை ஊராரே காத்துவந்தனர். 2005இல் அது நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இரண்டிலும் சட்டம் பின்னால் வந்தது. ஊர் முன்னால் நின்றது.

அவ்வூர்களுக்கு வாய்த்தது தென்காசிப் பக்கத்துச் சிறு குளங்களுக்கு ஏன் வாய்க்கவில்லை என்று எண்ணிப் பார்த்தால், அவற்றில் என்ன உள்ளது என்பதற்குக் கணக்கே நெடுங்காலம் இல்லாதிருந்தமை புலனாகும். கணக்கில்லாததை எவரும் இழந்ததாக உணர்வதில்லை. இக்குறையைத் தீர்க்க 2011 முதல் சனவரித் திங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார், நெல்லை, தூத்துக்குடி இயற்கை ஆர்வலர் அமைப்புகளோடு சேர்ந்து இதனை நடத்துகின்றனர். நெல்லை, தூத்துக்குடி, 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசி ஆகியவற்றின் குளங்களுக்குத் தன்னார்வலர் குழு குழுவாகச் செல்கின்றனர். கல்லூரி மாணவர்க்கு அதில் இடம் உண்டு. 1987 முதல் ஆசியா தழுவி நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் சனவரியிலேயே நிகழ்கிறது. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணிப் பதியும் வழக்கமும் தமிழகத்தில் வேரூன்றியுள்ளது.

எண்ணும் முறை கடினமன்று. ஆயிரம் பறவையை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று முதலில் கண்ணால் அளந்துகொண்டு, அவ்வளவைக் கூட்டத்தின்மேல் ஒற்றிக்கொண்டே செல்லவேண்டும். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்புநோக்குவர். ஓர் ஆண்டின் எண் பெரிதாக ஒன்றும் சொல்லாது. பத்தாண்டு எண்களை அடுக்கினால் குளத்தின் வரலாறு தெரியும். 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு அடித்தளம் 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்கர் தந்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். வலசை வரும் கரைப்பறவைகளும் சிலவகை வாத்துகளும் குறைந்துவருவதை அவ்வறிக்கை சுட்டுகிறது. பதிந்தவருள் ஆசிரியரும் மாணவரும் இல்லத்தரசியரும் உண்டு. தமிழ்த் துறையினர் எத்தனை பேர் என்று கேட்டால் தலைகுனிய நேரும் என்று அஞ்சுகின்றோம்.

அங்கு நமக்கென்று ஒரு பணி காத்திருக்கிறது. பறவைகளின் தமிழ்ப் பெயர்கள் இன்று பெருங் குழப்பத்தில் உள்ளன. நாரை என்னும் ஒரு சொல்லே மூன்று வேறு குடும்பப் பறவைகளுக்கு வழங்குகிறது: மஞ்சள் மூக்கு நாரை ஒன்று, சாம்பல் நாரை வேறொன்று, பூநாரை முற்றிலும் வேறொன்று. பறத்தலில் கழுத்தை நீட்டிக்கொள்வதா, மடித்துக்கொள்வதா என்று பார்த்தாலே முதல் இரண்டின் வேற்றுமை விளங்கிவிடும். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, நாவில் நில்லாத நெடும்பெயர்களை ஆக்குவோரும் பெருகிவிட்டனர். குளக்கரையில் வழங்கும் பெயரைக் கேட்டெழுதி, இலக்கியத்தில் உள்ள பெயரோடு ஒப்பிட்டு, எப்பெயர் எப்பறவைக்கு உரியது என்று துணியும் பயிற்சி விலங்கியலார்க்கு இல்லை, நமக்கே உண்டு. சொல் நம் கையில் உள்ளது. பறவையைத்தான் நாம் பார்க்கவில்லை.

மடையடிப் பெரியவரிடமும் பின்னர்க் கீழப்பாவூரில் மீன்பிடிப்போரிடமும் மாணவியர் கேட்டெழுதிய பெயர்கள் துறையில் ஒரு குறிப்பேடாக உள்ளன. வரும் சனவரிக் கணக்கெடுப்புக்கு மாணவர் பெயர்ப்பட்டியல் தயாராகிறது. இருகண்நோக்கி இரண்டு வாங்கத் துறை மன்ற நிதியில் இடம் கேட்டுள்ளோம். மூன்றாமாண்டு மாணவர் இருவர் வேறொரு பணியை ஏற்றுள்ளனர். குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் பறவை மேய்வதாகச் சொன்ன வயல்களின் பெயர்களைத் தனியே எழுதிக்கொண்டு, அவற்றுள் எவை இன்றும் அப்பெயரோடு உள்ளன, எவற்றில் நெல் விளைகிறது, எவை வீட்டுமனையாயின என்று மேலகரத்திலும் இலஞ்சியிலும் உள்ள முதியோரைக் கேட்டு வரப்போகின்றனர். அங்குப் பறவை வருகிறதா என்று பார்த்து வருமாறும் சொல்லியிருக்கின்றோம்.